மினிட்ஸ்

மரைக்கே என்ற பெயரை மெயிலில் பார்த்து
பரங்கிப்பேட்டை மரைக்காயர் வீட்டுப் பெண்ணென்றே
நினைத்திருந்தார் தணிகாசலம்.
ராட்டர்டாமாம்.

கடலூர் சிப்காட்டில் மதியம் ஒன்றரை.
அவளுக்குக் காலை பத்து.
திரையில் அவள், கையில் காபி;
எங்கள் டிபன்பாக்ஸ்கள் மூடியபடி.

"மூன்றாம் ரியாக்டர் வால்வை
வெள்ளிக்குள் மாற்றிவிடலாமா?"
தணிகாசலம் மேசையைப் பார்த்தார்.
"பார்க்கலாம் மேடம்."

மொழிபெயர்ப்பும் நான்தான், மினிட்ஸும் நான்தான்.
படிவத்தில் இரண்டே கட்டம்: ஆம், இல்லை.
ஆம் என்று அடித்தேன்.

வெள்ளி வந்தது. வால்வு
சென்னைத் துறைமுகத்திலேயே கிடந்தது.
"முடியாதென்று ஏன் சொல்லவில்லை?"
பதினோரு பேர் இருக்கும்போது கேட்டாள்.
அன்று அவர் சாப்பாட்டைத் திறக்கவில்லை.
புளிசாதம் உப்பனாற்றங்கரை நாய்க்குப் போனது.
அவளுக்கோ பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டது;
அடுத்த அழைப்பில் சிரித்தபடி
அவர் மகளின் பரீட்சையை விசாரித்தாள்.

கட்டத்தில் பொய் அடித்த என்னை
யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச்சில் என் முறை.
சம்பள உயர்வு கேட்டேன்,
நேராக, அவளைப் போலவே.
கொஞ்சம் யோசித்தாள். பிறகு
தமிழிலேயே சொன்னாள்:
"பார்க்கலாம்."

எந்த ஊர் அர்த்தத்தில் என்று
கேட்க வாய் வரவில்லை.