மூன்றாவது வாளி

ஒன்பது ஆண்டுகள் இந்தச் சுரங்கத்தில் ஈரம் பார்த்ததில்லை.
கம்பிவண்டி நிலையத்திலிருந்து வடக்கு பால்கனிக்கு
நூற்றுப்பத்து எட்டு.
சுவரெங்கும் உறைபனிப் பூ,
கையுறை உரசினால் உப்பாய் உதிரும்.
ஜூலையிலும் வெப்பமானி மைனஸ் இரண்டு.
மலையை மலையோடு ஒட்டிவைத்திருப்பது
உள்ளே இருக்கும் பனிக்கட்டி என்று
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள்.
நம்பினேன், கூரையை நம்புகிற மாதிரி.

ஓர் ஆகஸ்டில் தொப்பியில் ஒரு சொட்டு.

மேலாள் யாஹென் அண்ணாந்து பார்த்து
"மலைக்கு வேர்க்கிறது" என்றான்.
வாளி வைத்தேன். அடுத்த வாரம் இரண்டாவது.
மாதக் கடைசியில் மூன்றாவது:
அங்கே சொட்டவில்லை, நூலாகவே இறங்கியது.

எங்காடின் பள்ளத்தாக்கிலிருந்து பார்லா ஏறி வந்தாள்,
முதுகுப்பையில் துளைக்கருவி,
ஒரு டப்பாவில் செங்கல் நிறப் பொடி.
நீரில் விழுந்தால் பச்சையாகும் பொடி.
முகட்டில் ஒரு வெடிப்பு; விரல் நுழையும், கை நுழையாது.
பனி உருகி அதற்குள் இறங்கும் சத்தம்
பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் கழுவுவதுபோல்.
கரைத்து ஊற்றினோம்.
பச்சை ஒரு நொடி மினுங்கிற்று, போயிற்று.

"கீழே இருபத்தைந்து மீட்டர் உறைந்த பாறை.
அதற்குள் போகிற நீர் உறைந்தாக வேண்டும்."
"நல்லதுதானே?"
"உறையும்போது தன் சூட்டையெல்லாம்
பாறைக்குக் கொடுத்துவிட்டுத்தான் உறையும்.
அடுத்த நீர் வரும்போது பாறை கொஞ்சம் இளகியிருக்கும்.
அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.
அதுவும் கொடுக்கும்."

வட்டிக்குக் கொடுத்து வீட்டைப் பிடுங்குகிறவர்களைத் தெரியும்.
இருக்கிற சூட்டையெல்லாம் இனாமாகக் கொடுத்து
உள்ளே நுழைகிற ஒன்றை
அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பிறகு காத்திருப்பு.
ஆறு மணிக்கொரு முறை வாளியை விளக்கில் சாய்ப்பேன்.
தெளிவு. தெளிவு. ஒரு மண் துகள். தெளிவு.
பதினோராம் நாள் மூன்றாவது வாளிக்கு மேல்
நூல் அறுந்தது. சுவர் காய்ந்தது.
யாஹென் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றான்.
பார்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், நல்ல செய்தியாக.
அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை.
"மேலே உருகுவது நின்றுவிட்டதா?"
இல்லை. முகட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள்.
"அப்படியானால் அது எங்கே நிற்கிறது?"

நீர் நிற்கும் என்று தெரியும், குட்டையில், தொட்டியில்.
செங்குத்தாக நிற்கும் என்று தெரியாது:
விரல் அகலம், எட்டு மாடி உயரம்,
அடியில் பனிக்கட்டி அடைப்பு,
அத்தனை எடையும் பக்கவாட்டில்
பாறையை நெட்டித் தள்ள.

வெடிப்பின் குறுக்கே பொருத்திய அளவி
அன்றிரவு அரை மில்லிமீட்டர் நகர்ந்தது.
ஞாயிறன்று மலையோட்டப் போட்டி; நானூறு பேர்.
வண்டியை நிறுத்தினோம்.
திட்டினார்கள். விடுதிக்காரி அன்னெட்டா
அவ்வளவு பேருக்கும் காய்ச்சிய பார்லி சூப்பில்
ஒரு பானை கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு
பேசாமல் போனாள்.
அன்று எதுவும் விழவில்லை.
திங்களும் இல்லை.
செவ்வாய், யாஹென் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன் விடியுமுன் போயிற்று, பால்கனியின் கைப்பிடியோடு.
இடி மாதிரி இல்லை.
மரப்பெட்டியை யாரோ தரையில் இழுத்த மாதிரி,
பிறகு நெடுநேரம் சரளை.

எதிர் முகட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தோம்.
புதுக் காயம், வெளிர் சாம்பல்.
அதில் வெயிலே கண்டிராத பழைய பனிக்கட்டி,
அதன் ஓரமாய், கோணலாய் இறங்கி,
பச்சை.
வாளிகள் இருந்த பக்கம்கூட இல்லை.

பார்லா நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.
வரைபடத்தில் தான் நேராகப் போட்டிருந்த அம்புக்குறியை
ரப்பரால் அழித்தாள், தாள் நைந்துபோகும் அளவுக்கு.

இப்போது அக்டோபர். வாளிகள் மூன்றும் இடத்தில்.
மூன்றாவதில் மறுபடி சொட்டு விழுகிறது.
உள்ளே ஒரு துணி போடச் சொன்னான் யாஹென்,
சத்தம் தாங்கவில்லையாம்.
போட்டேன்.
அவன் கடைசி வண்டியில் இறங்கிய பின்
எடுத்துவிட்டேன்.