தங்க நூல் கழட்டின இடம்

போர்வை எண்டு பேர். ஆரும் போர்க்கப்போறதில்லை.
நாவாந்துறைச் சனசமூக நிலையச் சுவரில
பன்னிரண்டடி நீளத்துக்கு
வலை காயப்போடுற நைலோன் கயிற்றில தொங்குது.
நாப்பத்தெட்டுத் துண்டு.

கிட்டப் போய்ப் பாருங்கோ, தொடலாம்.
இடப்பக்கம் மேல் மூலையில கட்டம்போட்ட சாரம்.
அது ஸ்ரெலாவின்ர மனுசன்ர.
கடலுக்கு விடாத மாசம்
சாரத்துக்கும் வேலையில்லைத்தானே எண்டு
இருபத்திரண்டு மாஸ்க் வெட்டினவள்.
அவர் பக்கத்தில குந்தியிருந்து பொபின் சுத்தினவர்.
"வலை பொத்தின கைக்கு இதென்ன பெரிசோ?"
ரெண்டு நாள் நல்லாய்த்தான் சுத்தினவர்.
மூண்டாம் நாள் நூல் முழுக்கச் சிக்காக்கிப்போட்டு
ஒண்டும் பேசாமல் எழும்பிப் போனவர்.

அதுக்குக் கீழ பள்ளிக்கூட வெள்ளை.
திறக்காத பள்ளிக்கு ஆர் சட்டை தைக்கிறது?
கழுத்துக்கெண்டு சோக்கால கீறின வளைவு
இன்னும் அழியேல்லை.

இலாஸ்ரிக் ஏப்பிரலிலயே முடிஞ்சுது.
கடை பூட்டு. கொழும்பு றோட்டும் பூட்டு.
பாவாடையில இருந்து உருவினனாங்கள்,
பெடியளின்ர காற்சட்டையில இருந்து,
பிறகு, இப்ப சொல்ல என்ன வெக்கம்,
உள்ளாடைப் பட்டியளையும் வெட்டினனாங்கள்.
ஆசுப்பத்திரி வாசலில ஒரு டொக்டர்
காதில மாட்டிக்கொண்டு நிண்டது ஆற்றை எண்டு
எனக்குத் தெரியும்.
ரோஸ் நிறம். அதிலயும் ஒரு துண்டு கிடக்கு. தேடுங்கோ.

தயாநிதி வீட்டுக் கதவில பி.எச்.ஐ. வந்து
கடதாசி ஒட்டிப்போட்டுப் போன பதினாலு நாளும்
வெட்டின துணி வேலிக்கு மேலால போனது.
தைச்சது சவர்க்காரத் தண்ணி வாளிக்குள்ள மிதந்து வந்தது.
அவளின்ர மெசின் லோனில எடுத்தது.
லோன்காரப் பெடியன் ஊரடங்குக்குள்ளயும் ஃபோன் அடிப்பான்:
"அக்கா, இந்தக் கிழமைக் காசு?"
அவனுக்கும் ரெண்டு மாஸ்க் குடுத்தவள்.
கடனில கழிக்கேல்லை.

நடுவில இருக்கிற வெள்ளையில பூ இல்லை, பேர் இல்லை.
நஸீமாவின்ர வாப்பா கொழும்பில மௌத்தானவர்.
கபனுக்கெண்டு எடுத்த துணி.
உடம்பைக் குடுக்கேல்லை. எரிச்சுப்போட்டினம்.
துணி திரும்பி வந்து
அலுமாரிக்குள்ள ரெண்டு வருசம் மடிச்சபடி கிடந்தது.
மாஸ்க்குக்குத் துணியில்லாத நாளிலயும்
அவள் அதைத் தொடேல்லை. நாங்களும் கேக்கேல்லை.
இந்தப் போர்வைக் கதை வந்த அண்டைக்குத் தானாய்க் கொண்டுவந்தாள்.
கத்தரிக்கோலை என்ர கையில தந்துபோட்டு
முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு நிண்டாள்.
நான் நேராய்த்தான் வெட்டினனோ?
இண்டைக்கும் சொல்லத் தெரியேல்லை.

எல்லாத்தையும் பொருத்தினது மிதுஷா.
கம்பஸில சித்திரம் படிப்பிக்கிறவள், கெட்டிக்காரி.
அடிப்பட்டியில தங்க நூலால
"தியாகத்தின் கைகள்" எண்டு தைச்சுக்கொண்டு வந்தாள்.
வடிவான எழுத்து.

ஸ்ரெலா எழுத்துக் கூட்டி வாசிச்சாள்.
"தியாகமோ, பிள்ளை?
ஒண்டு ஏழு ரூவா எண்டு பேசித்தானே தைச்சனாங்கள்.
நாலாயிரத்து முன்னூறு போனது.
அந்தக் காசு இன்னும் வரேல்லை."

வெளியில ஆரோ ஐஸ்பெட்டி இழுக்கிற சத்தம்.
மிதுஷா பிளேட்டை எடுத்து
முதல் எழுத்தில இருந்து தானே பிரிக்கத் தொடங்கினாள்.
தங்க நூல் லேசில வராது.
பின்னேரம் ஆறு மணியாச்சுது.

இப்ப அதில கறுப்பு நூலால
நாலாயிரத்து முன்னூறு தர ஏழு எண்டு கிடக்கு.
சமன் குறியும் போட்டிருக்கு.
ஓடர் தந்தவருக்கும் அழைப்பிதழ் குடுத்தது. வரேல்லை.
யன்னல் வெயில் பின்னால விழேக்க
பழைய துளையளில "தியாகம்" லேசாய்த் தெரியும்,
அதுக்கு நாங்கள் என்ன செய்ய?
சமனுக்குப் பிறகு ரெண்டு விரக்கடை
துணி சும்மா விட்டிருக்கிறம்.
ஊசியும் அதிலதான் குத்தியிருக்கு.