பின்னங்கால்

நான் பின்னங்கால்.
முன்னங்கால் என் அண்ணன் புவனேந்திரன்.
ஆறு தீபாவளியாகப் பேச்சில்லை.

இதைக் கிள்ளானிலிருந்து வந்த டைரக்டர் பையனிடம்
யாரும் சொல்லவில்லை.
ஒரே உயரத்தில் இரண்டு ஆள் வேண்டும் என்று
பாகாவ் முழுக்க விசாரித்தான்.
சாப்பாட்டுக்கடை மொக்தார்
எங்கள் இரண்டு வீட்டையும் காட்டிவிட்டார்.
காட்டுவது எளிது, நடுவில் ஒரே சுவர்.

செம்பனை ஆலையின் கழிவுக் குட்டையிலிருந்து
எழுந்து வருகிறது பூதம்.
பதினாறு அடி. மூங்கில் முதுகெலும்பு,
உடம்பெல்லாம் கித்தாப்பால் பூசிய கோணி,
கண்ணுக்கு இரண்டு மோட்டார் விளக்கு.
"அது யாரையும் தின்னாதுண்ணே," என்றான் பையன்.
"எதையோ திருப்பிக் குடுக்க டவுனுக்கு வருது.
எதைன்னு மறந்துடுச்சு. அவ்வளவுதான் கதை."
ஆளுக்கு எண்பது வெள்ளி. மதியம் நாசி லெமாக்.

உள்ளே இருட்டு.
குனிந்து, தலையை அவன் முதுகில் முட்டி,
இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
வேறு வழி இருக்கிறதா என்று
மூன்று விதமாகப் பார்த்தேன்.
கித்தாப்பால் நாற்றம், அதற்கு மேல் கோடாலித் தைலம்.
அப்பாவின் வாசனை என்று சொல்லமாட்டேன்.
அவன் வாசனைதான்.

முதல் டேக்கில் அவன் இடது எடுத்தான், நான் வலது.
பூதம் போஸ்ட் ஆபீஸ் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்தது.
அடுத்ததில்
அட்டையில் செய்த கடைவரிசை மேல் உட்கார்ந்துவிட்டது.
மிதிக்கத்தான் வேண்டும், உட்காரக் கூடாது.
பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
"அண்ணன்களா, உள்ளுக்குள்ள பேசிக்குங்களேன்!"
உள்ளுக்குள் வியர்வைதான் சொட்டியது,
யாருடையது என்று தெரியாமல்.

மூன்றாவதில்
தொண்டையைச் செருமி,
கோணிக்குச் சொல்வது போலச் சொன்னான்:
"இடது."

மூவாயிரம் வெள்ளிக்குப் பிறகு
அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.
லாரி கியர்பாக்ஸுக்கு வாங்கினான்.
லாரி போனது, வெள்ளி போனது,
காசு கேட்கிறவன் தம்பியா என்றான்.
கேட்டேன்.

இடது. வலது. இடது.
மார்க்கெட் வரைக்கும் நன்றாகத்தான் வந்தோம்.
சமிக்ஞை விளக்கடியில் என் கை வழுக்கி,
பனியன் மேலேறி,
வலது விலாவுக்குக் கீழே விரலில் தட்டியது
ஒரு ஜாண் தழும்பு.
மேடாக, புதிதாக,
தையல் புள்ளிகளை எண்ணலாம் போல.

போன ஜூனில் பதினோரு நாள்
சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தமில்லை.
குடும்பத்தோடு பினாங்கு போயிருப்பான் என்று நினைத்தேன்.
நிம்மதியாகத் தூங்கினேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நின்றுவிட்டேன்.
பின்னங்கால் நின்றால் பூதமும் நிற்கும்.
"வலது," என்றான்.
நகரவில்லை.
திரும்பிக் கேட்க அவனுக்கு இடமில்லை.
என் விரல் எங்கே இருக்கிறது என்று புரிந்தவன் மாதிரி
மூச்சை உள்ளிழுத்து வைத்துக்கொண்டான்.
வெளியே ஒரு மைவி ஹார்ன் அடித்தது.
பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது.
பையன் கட் சொல்லவில்லை.

பாலாய் ராயாவில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டார்கள்.
பூதம் நொண்டுகிறதென்று டவுனே சிரித்தது.
அந்த இடம் வந்ததும் சிரிப்பு அடங்கியது.
பாதி ஊரைத் தாண்டி வந்துவிட்டு
விளக்கடியில் நிற்கிறது,
முன்பாதி போகப் பார்க்க, பின்பாதி விடாமல்.
"பாவம், வயித்து வலி போல," என்றாள்
மீன்கடைச் செங்கமலம்.
இரண்டு வரிசை முன்னால் அண்ணன்
சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

சம்பளத்தை ஒரே உறையில் போட்டு
முன்னங்காலிடம் கொடுத்திருக்கிறான் பையன்.
நூற்றறுபது.
மூன்று வாரமாகிறது. நான் கேட்கவில்லை.
இரவில் அவன் டிவி கத்துகிறது,
முன்பெல்லாம் சுவரைத் தட்டுவேன்.

இப்போது மூவாயிரத்து எண்பது.
அவசரமில்லை,
மெல்லக் கொடுக்கட்டும்.