பனி வாரும் வண்டியில் எழுபத்தொரு நிமிடம்

நான் விலகி மூன்று குளிர்காலம் கழித்து
அவர்களுடைய ஆல்பம் வந்திருக்கிறது.
‘நிலத்தடி வானிலை.’
பதினொரு பாடல்கள், எழுபத்தொரு நிமிடம்.
கொக்கோலா துறைமுகச் சாலையில்
அதிகாலை மூன்றுக்குப் பனி வாரப் போகையில்
வண்டி ஸ்பீக்கரில் போட்டேன்.
இடதுபக்க ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரக்கும்.
அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை தேடித்தான் போட்டேன். ஒளிப்பானேன்.

முதல் பாடலிலேயே அகப்பட்டது ஒன்று:
யார்க்கோவின் டிரம்ஸில் தூசியே இல்லை.
ஒவ்வோர் அடியும்
ஒரே அச்சில் வார்த்த ஆணி.
கோடையில் ஒத்திகைக் கொட்டகையில்
சட்டையைக் கழற்றிவிட்டு அவன் அடிக்கும்போது
மூன்றாம் நிமிடத்தில் தோள் தளரும்,
பாட்டு ஒரு மயிரிழை பின்னால் சாயும்.
அந்தச் சாய்வில்தான் நாங்கள் நால்வரும் நின்றோம்.
கணினியில் அதை நிமிர்த்திவிட்டார்கள்.

இரண்டும் மூன்றும்
கிடார், அதன்மேல் கிடார், அதன்மேல் இன்னொன்று.
எட்டுத் தந்தியில் மதில் எழுப்பிக்கொண்டே போகிறான் சாமுலி.
விரல் அசுர விரல்தான், மறுக்கவில்லை.
கதவு வைக்க மறந்துவிட்டான்.

நான்காவதில்
வாயடைத்துப் போனேன்.
ஹென்ரீக்கா அதில் உறுமவேயில்லை.
உறுமலுக்கு முன் இழுப்பாளே ஒரு மூச்சு,
அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
ஒரு பியானோ, அந்த மூச்சு,
மூச்சுக்குப் பின் வராத உறுமல்.
எதிரே துத்தநாக ஆலையின் விளக்குகள்
பனியில் மங்கி மங்கி வந்தன.
வண்டியை ஓரங்கட்டி அழுதேன் என்றால் பொய்.
வேகத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

ஐந்தைத் தாண்டிவிடுங்கள்.

ஆறு தொடங்கியதும்
காதுக்கு முன்னால் வயிறு கண்டுகொண்டது.
ஏழு அடி. மூன்றும் நான்குமாய்.
ரயிலடி வீட்டில் எங்கள் சலவை இயந்திரம்
ஒரு கால் உடைந்து,
ஈரப் போர்வைகளோடு குளியலறையைத் தாண்டி
நடந்து வந்த நடை அது.
நான்தான் அதை பேஸில் பிடித்தேன்.
அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது வாசிப்பவன் ஊர்ஹோ. இருபத்துநாலு வயது.
பேஸ் காதில் விழவேயில்லை என்று
எல்லாரிடமும் சொல்லத் தயாராக இருந்தேன்.
விழுகிறது.
மூன்று அடித்து, மறுபடி மூன்று அடித்து,
ஏழாவதை விட்டுவிடுகிறான் பாவி.
அந்த வெற்றிடத்தில்
இருட்டில் இல்லாத படிக்குக் கால் நீட்டியதுபோல்
பாட்டு முழுவதும் ஒருகணம் தொங்குகிறது.
ஒன்பது வருடம்
நான் மண்ணள்ளிப் போட்டு மூடிய பள்ளம்.

மற்றவை பரவாயில்லை. கடைசிப் பாட்டு மட்டும்
பதினேழு நிமிடத்தில் மூன்று முறை முடிகிறது,
விடைபெற்று பூட்ஸ் மாட்டிக்கொண்டும்
வாசலில் பேச்சை விடாத விருந்தாளி மாதிரி.
யாராவது சொல்லியிருக்க வேண்டும்.
முன்பெல்லாம் நான்தான் சொல்வேன்.

துறைமுக வாயிலில் வண்டியைத் திருப்பினேன்.
வாரிய பாதையில் அதற்குள் அரைவிரல் பனி.
ஆறாவதை மறுபடி போட்டேன்.
ஏழாவது அடிக்கு
என் கட்டைவிரல் தானாக ஸ்டியரிங்கில் விழுந்தது.
சும்மா இரு என்றேன்.
அடுத்த சுற்றிலும் விழுந்தது.