இரண்டு படி

இன்சூரன்ஸ் ஆபீஸ் முதல் படத்தைத் திருப்பி அனுப்பியது:
"இதில் மாடு இல்லை."
இருந்தது. சின்னப்ப ரெட்டியின் எருமை,
பள்ளிப்பட்டு மருந்தகத்துச் சுண்ணாம்புச் சுவர் முன்னால்,
பகல் பன்னிரண்டு மணிக்கு.
படத்தில் சுவர் இருந்தது. சுவரில்
நாலு கால் வைத்த ஒரு ஓட்டை.

டாக்டர் கேமராவைக் கொடுக்கும்போது
பொத்தானை மட்டும்தான் காட்டினார்.
மற்றதை எருமைகளிடம் கற்றேன்.
அதுகளுக்குத் தெலுங்குதான் புரியும்;
"ஆகு, ஆகு" என்றால் நிற்கும்,
வால் மட்டும் நிற்காது.
கேமராவுக்கு வெள்ளை கூசும் என்று புரிய
மூன்று மாதமானது.
வெள்ளையைக் கண்டால் இமையை இறுக்கிக்கொள்கிறது.
நாம்தான் சொல்ல வேண்டும்,
இன்னும் திற, இரண்டு படி.
சுவர் வெந்து போகும். போகட்டும்.
நெற்றியில் சுழி வந்தது,
காதுக்குள் மயிர், மஞ்சள் வில்லையின் எண்,
கண்ணோரம் ஈ.
கறுப்புக்குள் இவ்வளவு இருந்தது.

அந்த வாரமே பீரோவைத் திறந்தேன்,
கல்யாண ஆல்பத்தை எடுக்க.
நகரி மண்டபம். முனிரத்தினத்தின் வெள்ளைச் சட்டை
பாதிப் படத்தை அடைத்து நிற்கிறது.
பக்கத்தில் நான், தேசம்மா:
மாலைக்கு மேல் ஒரு ஓட்டை, அதில் மூக்குத்தி.
பத்தொன்பது வருஷமாய் இதை விரித்து வைத்துத்தான்
அவர் அக்காமார் சிரித்தார்கள்.
நான் கறுப்புதான். அதுவல்ல.
சட்டையை அளந்திருக்கிறான் அந்த ஆள்.
என்னை அளக்கவில்லை.

இப்போது எந்தப் படமும் சும்மா இருப்பதில்லை.
பேப்பரில் வெள்ளம், கொசஸ்தலைக் கரையில் அழுகிற ஒருத்தி.
முன்பென்றால் ஐயோ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.
இன்று முதலில் தெரிந்தது,
எடுத்தவன் மண்டியிட்டிருக்கிறான்.
கை நீட்டினால் அவளைத் தொடலாம், அவ்வளவு பக்கம்.
இரண்டு கையிலும் கேமரா.

நானும்
செத்த கன்றை எடுக்கும்போது
அதை வளர்த்தவளைக் கொஞ்சம் நகரச் சொல்லியிருக்கிறேன்,
நிழல் விழுகிறது என்று.

நேற்று முனிரத்தினம் வந்து நின்றார், அதே சுவர் முன்னால்,
பால் சொசைட்டி கார்டுக்கு ஒன்று எடு என்று,
வெள்ளைச் சட்டையில்.
இரண்டு படி கூட்டினேன்.
புருவத்துக்குக் கீழே ஓர் அம்மைத் தழும்பு;
இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
கேமராவை வாங்கி, கையால் வெயிலை மறைத்து,
நெடுநேரம் பார்த்தார்.
"சட்டை எங்கே?" என்றார்.