முப்பத்தெட்டாம் மில்லிநொடி

கணுக்காலைத் தட்டுகிறேன்,
நொடிக்கு ஐந்து முறை, மின்சாரத்தால்.
யாரென்று கேட்க கெர்த்துவுக்கு விழிப்பில்லை.
ஆனாலும் பதில் வருகிறது:
முப்பத்தெட்டாம் மில்லிநொடியில்
திரையில் ஒரு சிறு மேடு.

குப்புறக் கிடக்கிறாள். வயது பதினான்கு.
தார்த்து நகரம் வெளியே வெண்பனியில்.
உள்ளே வானொலியில் பனிச்சறுக்குப் போட்டி,
டாக்டர் தாமேட்ஸ் கையில்
அவள் முதுகை நிமிர்த்தும் உலோகத்தண்டு.

பத்தேகாலுக்கு
இடதுகாலின் மேடு சரிந்தது.
ஒயரைப் பார்த்தேன், சரி.
ரத்த அழுத்தம் பார்த்தார் இந்த்ரெக், அதுவும் சரி.
“இடது. பாதிக்கும் கீழே.”
என் குரல்தானா?
யாரோ வானொலியை அணைத்தார்கள்.

தாமேட்ஸ் திருகைத் தளர்த்தினார்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
நான் திரையை.
சராசரிக்கு முந்நூறு தட்டல் வேண்டும்.
முந்நூறு தட்டல் ஒரு நிமிடம்.
கோடு.
கோடு.
பிறகு, இருக்கிறதா இல்லையா என்று
எறும்புப் புற்றளவு ஒன்று எழுந்தது,
வளர்ந்தது.

“கொஞ்சம் கோணல் இருந்துவிட்டுப் போகட்டும்”
என்றார் தாமேட்ஸ்.

மாலை, ஆறாம் எண் பேருந்தில்
கால்மேல் கால் போட்டுத் தூங்கிவிட்டேன்.
இறங்க எழுந்தால் இடது பாதம் மரத்திருந்தது.
இறங்காமல் நின்றேன்,
அடுத்த நிறுத்தம் வரை
ஒவ்வொரு ஊசிக்குத்தையும் எண்ணியபடி.