எழுத்து: பூவாயி மைந்தன்

பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்த ஊருக்கு
பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாட்டியபோது
ஒருவரும் வழக்குப் போடவில்லை.
பஸ் அதே இடத்தில்தான் நின்றது.

இது வேறொரு பெயர் பற்றியது.
தொலைக்காட்சியில் இருபத்தாறு வாரம்,
புதன் இரவு எட்டரை.
ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டத்தில்
ஒரு குடும்பம் லயத்தைக் காலி செய்யாமல் அடம்பிடிக்கும்.
முடிவில் கறுப்புத் திரையில் மூன்று நொடி:
எழுத்து, பூவாயி மைந்தன்.

ஒவ்வொரு வாரமும் அதைக் கோலாலம்பூருக்கு
ஃபேக்ஸ் அனுப்பியது என் கடை,
முடிவெட்டும் கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவில்.
பக்கத்துக்கு ஒரு வெள்ளி.

சில வாரம் கொண்டுவந்தவர் அருளப்பன்,
தோட்டத்து கிளினிக்கில் டிரெசராக இருந்தவர்.
மாத்திரை உறைமேல் எழுதும் அதே கையெழுத்து;
'மூணு வேளை' என்பதுபோலவே
'அழுகிறாள்' என்றும் எழுதுவார்.
சில வாரம் ரத்தினாம்பாள் டீச்சர்.
பாலர் பள்ளிக் கோடுபோட்ட நோட்டு,
ஒவ்வொரு எழுத்தும் கால் நீட்டாமல் உட்கார்ந்திருக்கும்.
சில பக்கங்களில் இரண்டு கையும் கலந்திருந்தன.
ஒன்றில் மீன்குழம்பு சிந்தியிருந்தது.
யார் வீட்டுக் குழம்போ.

விருதும் எண்ணாயிரம் வெள்ளியும் வந்த வருஷம்
இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள்.
காசோலை பூவாயி மைந்தன் பெயருக்கே வந்தது.
அப்படி ஒருவருக்கு ஐ.சி. இல்லை என்று
பேங்க் திருப்பிக் கொடுத்தது.

"மைந்தன்னுதானே போட்டிருக்கு, டீச்சர் ஆம்பளையா?"
என்றார்கள் அருளப்பன் பக்கம்.
"அவங்கம்மா பேரு மரியம்மாள், சர்ச்சுல கேட்டுப் பாருங்க"
என்றார்கள் டீச்சர் பக்கம்.
கோயில் மண்டபத்தில் யாரோ ஒருவர் கல்யாணம்.
பந்தி நடுவே, கையில் அப்பளத்தோடு,
பதினேழாம் வாரத்து வசனம் யாருடையது என்று மூண்டது:

நீ வர்றதுக்குள்ள சோறு ஆறிடும்,
அப்புறம் நானும் ஆறிடுவேன்.

தன் மனைவி சொன்னது என்றார் அவர்.
மோர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த மனைவி
நிமிரவில்லை.
எனக்கு நானே சொல்லிக்கொண்டது என்றார் டீச்சர்.
கல்யாணமே ஆகாதவர்.

கிள்ளானிலிருந்து வக்கீல் கடைக்கு வந்தார்.
அனுப்பிய ரசீது அத்தனையும் வைத்திருந்தேன்,
மைலோ டின்னில், ரப்பர் பேண்ட் போட்டு.
அந்த வழவழப்புக் காகிதத்தில்
எழுத்து எப்போதோ போய்விட்டது.
வெள்ளையாய்ச் சுருண்டு முப்பது நாற்பது துண்டு.
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் இருக்கும் என்பதுபோல.

கடை பெஞ்சில் யார் யார் உட்கார்வார்கள் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை பூவாயி வருவாள்,
சிவப்பு ஐ.சி.யோடு.
பிறந்தது இதே தோட்டம், இரண்டாம் டிவிசன்.
சூரா எடுக்க அன்றைக்கு
அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.
குடியுரிமைக்கு இது ஏழாவது மனு.
மெஷின் சூடாகும்வரை பெஞ்சில் உட்கார்ந்து
செத்த புருஷனைத் திட்டுவாள்,
பக்கத்தில் காத்திருப்பவர்கள்
ஃபேக்ஸ் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு
சிரிப்பார்கள்.

இந்த முறை கேட்டாள்:
"ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்களாமே,
முன்னால இருக்கிறது எம் பேருதானே?
என்னை ஒருத்தரும் கேக்கலையே."
பிறகு சில்லறையை எண்ணிக்கொண்டே,
"எனக்கு ஏதும்மா மகன்" என்றாள்.

மூடியைத் தூக்கி அட்டையைக் கவிழ்த்தேன்.
இரண்டு பக்கம், முப்பது காசு.
வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது.
நகலில் சிவப்பு
கறுப்பாகத்தான் விழும்.